ஃபயர்வால் ரூட்டரின் லேன் முகவரியை மாற்றுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி ஆகிய மூன்று ஃபயர்வால், ரூட்டர் மென்பொருள்களையும் புதிதாக நிறுவிப் பாருங்கள்; மூன்றுமே உள் வலையமைப்புக்கு, அதாவது லேனுக்கு, 192.168.1.1 என்ற ஐபி முகவரியையே எடுத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவையும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றுதான் வரும். மைக்ரோடிக் நிறுவன ரூட்டர் மட்டும் 192.168.88.1 என்று சற்றே தள்ளி நிற்கும். இதனால் உலகின் கணக்கற்ற வலையமைப்புகளுக்கு ஒரே எண்தான் இருக்கிறது. அவை ஒன்றையொன்று சந்திக்காதவரை இது பிரச்சினையே இல்லை. சந்திக்கும் நாளில்தான் முகவரியை மாற்ற வேண்டிய தேவை வருகிறது.

மாற்றம் என்பது ஒரு பெட்டியில் எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணை எழுதுவதுதான். ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் பழைய எண் வேறு எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறது. எடுத்துக்காட்டுகளைப் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஃபயர்வால்களில் மெனுவின் பெயர்கள் மாறுமே தவிர, செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறாது.

எப்போது மாற்ற வேண்டும்?

இரண்டு சூழ்நிலைகள்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

முதலாவது, இணைய நிறுவனம் கொடுத்த மோடத்துக்குப் பின்னால் ஃபயர்வாலை வைப்பது. அந்த மோடமே ஒரு ரூட்டராக இருந்து, 192.168.1.0/24 (192.168.1-இல் தொடங்கும் 256 முகவரிகள்) என்ற வலையமைப்பிலிருந்து ஃபயர்வாலின் வெளிப்பக்கத்துக்கு, அதாவது வானுக்கு, ஒரு முகவரியைக் கொடுக்கிறது. ஃபயர்வாலின் லேனும் அதே 192.168.1.0/24. இப்போது 192.168.1.1 என்று ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) வந்தால், அதை மோடம் இருக்கும் பக்கம் அனுப்புவதா, தன்னிடமே வைத்துக்கொள்வதா என்று ஃபயர்வாலால் தீர்மானிக்க இயலாது. அதன் வழித்தட அட்டவணையில் ஒரே வலையமைப்பு இரு கதவுகளில் எழுதப்பட்டிருக்கிறது. விளைவாக இணையமே கிடைக்காமல் போகலாம். அல்லது கிடைத்தும் கிடைக்காமலும் இருக்கும், அது இன்னும் மோசம்.

இரண்டாவது, விபிஎன், அதாவது தொலைவிலிருந்து இணையத்தின் வழியே உள் வலையமைப்புக்குப் போடும் பாதுகாப்பான பாதை. வெளியூரில் ஒரு விடுதியின் வைஃபையில் அமர்ந்து உங்கள் அலுவலகத்தின் ஃபயர்வாலோடு விபிஎன் வழியாக இணைகிறீர்கள். இணைப்பு பச்சை நிறம் காட்டுகிறது. ஆனால் 192.168.1.20 என்ற கோப்புச் சேமிப்பகத்தைத் திறக்க முடியவில்லை. அந்த விடுதியின் வைஃபையும் 192.168.1.0/24 ஆக இருந்தால், உங்கள் மடிக்கணினி அந்த முகவரியை விடுதிக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். பாக்கெட் விபிஎன்னுக்குள் நுழையவே நுழையாது. இரண்டு கிளைகளை நிரந்தரமாக விபிஎன்னால் இணைக்கும்போதும் இதே கதைதான். இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் (முகவரித் தொகுதி) இருந்தால் முகவரி மொழிபெயர்ப்பு (பாக்கெட்டின் முகவரியை வழியில் மாற்றி எழுதுவது) போன்ற சுற்றுவழிகளால் சமாளிக்கலாம் என்றாலும், ஒரு பக்கத்தின் எண்ணை மாற்றிவிடுவதே பின்னாளில் தலைவலி தராத தீர்வு.

இந்த இரண்டும் உங்களுக்கு இல்லையென்றால், பாதுகாப்புக்காக மாற்றுகிறேன் என்று இறங்க வேண்டாம். லேன் முகவரியை மாற்றுவதால் ஊடுருவுபவருக்குப் பெரிய தடை எதுவும் ஏற்படுவதில்லை. உள்ளே வந்த ஒருவர் கேட்வே (வெளியே போகும் வாயில்) எது என்பதை நொடியில் அறிந்துகொள்வார்.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது?

தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரிகள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம் இவற்றை வரையறுத்தது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. முதல் தொகுதியில் 1,67,77,216 முகவரிகள், இரண்டாவதில் 10,48,576, மூன்றாவதில் 65,536. இவற்றுக்கு வெளியே உள்ள எண்ணை லேனுக்கு வைக்கக் கூடாது; அப்படி வைத்தால், இணையத்தில் அந்த எண்ணின் உண்மையான உரிமையாளரின் தளங்களை உங்களால் எட்ட முடியாமல் போகும். 100.64.0.0/10 என்ற தொகுதி தனிப்பட்டது போலத் தோன்றினாலும், அது இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டது. அதையும் தொட வேண்டாம்.

மூன்று தொகுதிகளுக்குள்ளும் கூட்டம் மிகுந்த இடங்கள் உண்டு. 192.168.0, 192.168.1, 10.0.0 ஆகியவற்றில் தொடங்குபவை எங்கும் இருக்கின்றன. பல கேபிள் மோடங்கள் தங்கள் நிர்வாகப் பக்கத்தை 192.168.100.1-இல் வைத்திருக்கும். விண்டோஸின் இணையப் பகிர்வு வசதி 192.168.137.1-ஐ எடுத்துக்கொள்ளும். ஐஃபோனின் ஹாட்ஸ்பாட் 172.20.10.0/28-ஐப் பயன்படுத்துகிறது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கர் நிறுவிய கணினிகளில் 172.17.0.0/16 இயல்பாகவே பிடிக்கப்பட்டிருக்கும். மெய்நிகர் கணினிகளுக்காக லினக்ஸில் லிப்வர்ட் வைத்திருப்பவர்களுக்கு 192.168.122.0/24 ஏற்கெனவே பயனில் இருக்கும்.

எனவே 10-இல் தொடங்கி, நடுவில் உள்ள இரண்டு எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதே நல்லது. இந்தக் கட்டுரையில் 10.47.20.0/24 என்று வைத்துக்கொள்வோம். இதையே எல்லோரும் நகலெடுத்தால் இதுவும் கூட்டமாகிவிடும் என்பதால், நீங்கள் வேறு எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். /24 என்றால் 256 முகவரிகள். அவற்றில் வலையமைப்பின் பெயருக்கு ஒன்றும் ஒலிபரப்புக்கு ஒன்றும் போக, 254 சாதனங்களுக்கு இடம் கிடைக்கும். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இது தாராளம். சிலர் 10-இல் தொடங்குகிறோமே என்று 10.0.0.0/8 முழுவதையும் லேனுக்கு எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால், 10-இல் தொடங்கும் எந்த வலையமைப்போடும் இனி விபிஎன் போட முடியாது. எந்தப் பிரச்சினையிலிருந்து தப்பிக்க முகவரியை மாற்றுகிறோமோ, அதே பிரச்சினையைப் பல மடங்காக்கிக்கொண்டு வந்து சேர்கிறோம்.

எண் முடிவானதும் ஒரு தாளில் பங்கீட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஃபயர்வாலுக்கு 10.47.20.1, அச்சுப்பொறி, கேமரா, சேமிப்பகம் போன்று நிலையான முகவரி தேவைப்படுபவற்றுக்கு 2 முதல் 99 வரை, மற்ற எல்லாவற்றுக்கும் டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் சேவை) வழங்கும் முகவரிகள் 100 முதல் 199 வரை. பழைய வலையமைப்பில் அச்சுப்பொறி 192.168.1.20 ஆக இருந்தால், புதியதில் அதை 10.47.20.20 ஆகவே வையுங்கள். கடைசி எண் மாறாமல் இருந்தால் பிழை கண்டுபிடிப்பது பாதி எளிதாகிவிடும்.

பழைய எண் எங்கே ஒளிந்திருக்கிறது?

எதையும் தொடுவதற்கு முன் ஃபயர்வாலின் அமைப்பு முழுவதையும் காப்புப்பிரதி எடுங்கள். பிஎஃப்சென்ஸில் டயக்னாஸ்டிக்ஸ் மெனுவின் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் பக்கத்திலும், ஓபிஎன்சென்ஸில் சிஸ்டம் மெனுவின் கான்ஃபிகரேஷன் பகுதியில் உள்ள பேக்கப்ஸ் பக்கத்திலும் இதற்கான பொத்தான் இருக்கிறது. உங்கள் கணினிக்கு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கும். அதை அப்படியே ஒரு பிரதி எடுத்து, பிரதியைத் தனியே வைத்துவிடுங்கள். அதில் கடவுச்சொல் தொடர்பான விவரங்களும் விபிஎன் சாவிகளும் இருக்கும் என்பதால், மின்னஞ்சலிலோ பொதுக் கோப்புறையிலோ போட்டு வைக்க வேண்டாம்.

இந்தக் கோப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து, 192.168.1. என்று தேடுங்கள். கடைசியில் உள்ள புள்ளியையும் சேர்த்தே தேட வேண்டும். புள்ளி இல்லாமல் தேடினால் 192.168.10, 192.168.100 எல்லாம் வந்து குழப்பும். ஃபயர்வாலுக்குள் பழைய எண் எழுதப்பட்டிருக்கும் ஒவ்வோர் இடமும் இப்போது உங்கள் கண்முன் வரிசையாக வரும். மெனு மெனுவாகத் திறந்து நினைவிலிருந்து தேடுவதைவிட இது ஆயிரம் மடங்கு நம்பகமானது. வரும் ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக என்னென்ன வரும்? லேன் முகவரி, டிஎச்சிபி வழங்கும் வரம்பு, குறிப்பிட்ட சாதனத்துக்கென்று ஒதுக்கிவைத்த முகவரிகள், வெளியிலிருந்து உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதிகள், முகவரிகளைப் பெயரிட்டுத் தொகுத்து வைக்கும் அலையஸ்கள், டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) நீங்கள் கையால் எழுதிய பெயர்கள், விபிஎன் அமைப்பில் உள்ளூர் வலையமைப்பு என்று குறிப்பிட்ட இடம், கையால் எழுதிய வெளிச்செல்லும் முகவரி மொழிபெயர்ப்பு விதிகள், பதிவுகளை அனுப்பும் கணினியின் முகவரி.

வராதவை எவை என்பதையும் கவனியுங்கள். ஃபயர்வால் விதிகளில் மூலமுகவரியாக லேன் நெட் அல்லது லேன் சப்நெட்ஸ் என்ற ஆயத்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவை எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. முகவரி மாறியதும் தாமாகவே புதிய வலையமைப்பைப் பின்பற்றும். வெளிச்செல்லும் முகவரி மொழிபெயர்ப்பு தானியங்கி முறையில் இருந்தாலும் அப்படியே. விதி எழுதும்போது எண்ணை எழுதாமல் இந்தச் சொற்களைப் பயன்படுத்தியவர்களுக்குப் பலன் கிடைக்கும் நாள் இதுதான்.

தேடிய இடத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, திருத்திய கோப்பை ஃபயர்வாலில் திரும்ப ஏற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், அனுபவசாலிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஏற்றியதும் ஃபயர்வால் மறுதொடக்கம் ஆகி, எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் புதிய எண்ணுக்கு மாறியிருக்கும். ஆனால் கண்மூடித்தனமாக அனைத்தையும் மாற்றும் பொத்தானை அழுத்தினால், வான் பக்கத்தில் இருக்கும் மோடத்தின் 192.168.1.254 போன்ற முகவரியும் சேர்ந்து மாறிவிடும். விபிஎன்னின் மறுமுனையில் உள்ள வலையமைப்பின் எண்ணும் மாறக்கூடும். முதன்முறை செய்பவர்கள் கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது என்பது என் கருத்து.

ஃபயர்வாலுக்கு வெளியே உள்ள இடங்களை எந்தக் கோப்பும் சொல்லித் தராது. அவற்றை நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். நிலையான முகவரி எழுதிய அச்சுப்பொறிகள், கேமராக்களும் அவற்றின் பதிவுப்பெட்டியும், சேமிப்பகம், நிர்வாகப் பக்கம் கொண்ட ஸ்விட்சுகள், வைஃபை அக்சஸ் பாயின்ட்கள், வருகைப் பதிவுக் கருவி, இணையத் தொலைபேசிகள் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். நிர்வாகப் பக்கமே இல்லாத சாதாரண ஸ்விட்சுக்கு முகவரி கிடையாது; அதை மறந்துவிடலாம். அச்சுப்பொறியில் இரட்டை வேலை உண்டு: அதன் முகவரியை மாற்றிய பிறகு, ஒவ்வொரு கணினியிலும் அந்த அச்சுப்பொறி எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும்.

உள்ளே நுழைய இன்னொரு வழி

புதிய முகவரி அமலான கணமே உங்கள் பிரவுசர் பழைய முகவரியோடு பேசிக்கொண்டிருந்த இணைப்பு அறுந்துவிடும். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். இது பிழையன்று, எதிர்பார்த்ததே. ஆனால் ஏதேனும் தவறாக எழுதியிருந்தால், திரும்ப உள்ளே போக வேறு வழி வேண்டும். அதனால்தான் இந்த வேலையைத் தொலைவிலிருந்து விபிஎன் வழியாகச் செய்யக் கூடாது என்று சொல்கிறேன். ஒருமுறை நான் அப்படிச் செய்து, சப்நெட் மாஸ்க்கில் (வலையமைப்பின் அளவைச் சொல்லும் எண்) 24-க்குப் பதில் 32-ஐ விட்டுவிட்டு, அடுத்த நாள் காலையில் நேரில் போய்ச் சேரும்வரை ஓர் அலுவலகமே இணையம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஃபயர்வால் பெட்டிக்கு அருகில் இருங்கள். திரையும் விசைப்பலகையும் இணைக்கலாம் என்றால் இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சீரியல் கேபிளைப் பொருத்தி, வேகத்தை 115200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வால் மெய்நிகர் கணினியில் ஓடினால் அதன் கன்சோல், அதாவது நேரடிக் கட்டளைத் திரையே போதும். வைஃபையில் இல்லாமல், கேபிள் வழியாக லேனோடு இணைந்த ஒரு கணினியும் அருகில் இருக்கட்டும்.

மாற்றும் முறை

இரண்டு வழிகள் இருக்கின்றன. கன்சோல் கைக்கு எட்டுமானால் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்; ஏனென்றால் அது முகவரியையும் டிஎச்சிபி வரம்பையும் ஒரே மூச்சில் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டின் கன்சோல் மெனுவிலும் 2 என்பது முகவரி அமைக்கும் தெரிவு. அதை அழுத்தியதும் எந்த இடைமுகம் என்று கேட்கும். லேனுக்குரிய எண்ணைக் கொடுங்கள். முகவரியை டிஎச்சிபி மூலம் பெறவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபயர்வாலின் லேன் பக்கம் முகவரி வழங்குமே தவிர வாங்காது. அடுத்து 10.47.20.1 என்று எழுதுங்கள். சப்நெட் பிட் எண்ணிக்கைக்கு 24. பிறகு மேல்நிலைக் கேட்வே எது என்று கேட்கும். இங்கே எதையும் எழுதாமல் எண்டரை மட்டும் அழுத்த வேண்டும்.

இந்த ஒரு கேள்வியில் தடுமாறுபவர்கள் மிகுதி. கணினியில் முகவரி எழுதும்போது கேட்வே பெட்டியை நிரப்பிப் பழகிய கை, இங்கேயும் மோடத்தின் முகவரியையோ ஃபயர்வாலின் முகவரியையோ எழுதிவிடுகிறது. லேனுக்குக் கேட்வே எழுதினால், இணையத்துக்குப் போகும் கதவு அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஃபயர்வால் எடுத்துக்கொண்டு, லேனை இன்னொரு வானாக நடத்தத் தொடங்கும். முகவரி மொழிபெயர்ப்பு தாறுமாறாகி இணையம் நின்றுபோகும். லேனில் உள்ள கணினிகளுக்கு ஃபயர்வால்தான் கேட்வே. ஃபயர்வாலின் லேனுக்குக் கேட்வே இல்லை.

ஐபிவி6 (ஐபி முகவரிகளின் புதிய வகை) பற்றிய கேள்விகளும் வரும். ஐபிவி6 தேவையில்லாதவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, வேண்டாம் என்று பதில் சொல்லுங்கள். ஐபிவி6 பயன்படுத்துபவர்கள் வேலை முடிந்த பிறகு லேன் பக்கத்தைத் திறந்து, முன்பிருந்த அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிஎச்சிபியை இயக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லி, தொடக்கம் 10.47.20.100, முடிவு 10.47.20.199 என்று கொடுங்கள். நிர்வாகப் பக்கத்தைப் பாதுகாப்பற்ற எச்டிடிபிக்குத் திருப்பவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்பதே பதில். முடிவில் புதிய முகவரி திரையில் தோன்றும்.

பிரவுசர் வழியாகச் செய்பவர்கள், இன்டர்ஃபேசஸ் மெனுவில் லேன் பக்கத்தைத் திறந்து, ஐபிவி4 முகவரிப் பெட்டியில் புதிய எண்ணை எழுதி, அருகில் உள்ள மாஸ்க் 24-ஆக இருக்கிறதா என்று இருமுறை பார்த்து, கேட்வே இல்லை என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, சேமித்து, அமல்படுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். அமலானதும் பக்கம் நின்றுவிடும். டிஎச்சிபி இன்னும் பழைய வரம்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், உங்கள் கணினிக்குப் புதிய முகவரி தானாகக் கிடைக்காது. கணினியின் வலையமைப்பு அமைப்பில் தற்காலிகமாக 10.47.20.50 என்ற முகவரியையும் 255.255.255.0 என்ற மாஸ்க்கையும் கையால் எழுதுங்கள்; கேட்வே பெட்டியைக் காலியாக விட்டாலும் போதும். இனி பிரவுசரில் 10.47.20.1-ஐத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வரும். சான்றிதழ் எச்சரிக்கை புதிதாக வந்தால் பதற வேண்டாம். முகவரி மாறியதால் பிரவுசர் மீண்டும் ஒருமுறை கேட்கிறது.

உள்ளே போனதும் முதல் வேலை டிஎச்சிபி. வரம்பை மாற்றுங்கள். அதே பக்கத்தில் கேட்வே, டிஎன்எஸ் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். அவை காலியாக இருந்தால் ஃபயர்வால் தன் சொந்த முகவரியையே வழங்கும், அதுதான் வேண்டும். எப்போதோ யாரோ 192.168.1.1 என்று அங்கே எழுதி வைத்திருந்தால், சாதனங்கள் எல்லாம் புதிய முகவரியை வாங்கிக்கொண்டு பழைய கேட்வேயைத் தேடி அலையும். பார்ப்பவருக்கு முகவரி சரியாகத் தெரியும், இணையம் மட்டும் வராது. ஒதுக்கிவைத்த முகவரிகளையும் இப்போதே புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். அவை வரம்புக்கு வெளியே, 2 முதல் 99-க்குள் இருக்கட்டும். முடிந்ததும் உங்கள் கணினியை மறுபடியும் தானாக முகவரி பெறும்படி திருப்பிவிட மறக்காதீர்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு செய்தி: அதன் இணையப் பக்கத்தில் மாற்றத்தை அமல்படுத்தினால், 90 வினாடிகளுக்குள் நீங்கள் புதிய முகவரியில் வந்து தொடவில்லையென்றால் பழையபடி திருப்பிவிடும். எத்தனை முறை மாற்றினாலும் ஒட்டவில்லையே என்று குழம்புபவர்களுக்குக் காரணம் இதுதான். சோதனை இல்லாமல் அமல்படுத்தும் தெரிவும் அங்கேயே இருக்கிறது. மேலே சொன்ன கையால் எழுதும் முறையைத் தயாராக வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தலாம்.

சாதனங்கள் ஏன் உடனே மாறுவதில்லை?

டிஎச்சிபி என்பது முகவரியை வாடகைக்கு விடும் முறை. பிஎஃப்சென்ஸில் இயல்பான வாடகைக் காலம் 7,200 வினாடிகள், அதாவது 2 மணி நேரம். வாங்கிய சாதனம் பாதிக் காலம் கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் காலத்தில் 87.5 சதவீதம் கழிந்ததும் எல்லோரையும் நோக்கிக் கேட்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் காலம் முடிந்ததும் முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும். ஆகவே நீங்கள் ஃபயர்வாலில் மாற்றிய பிறகும், பழைய 192.168.1 முகவரியைக் கட்டிக்கொண்டு சாதனங்கள் சிறிது நேரம் அமர்ந்திருக்கும். வாடகைக் காலம் 24 மணி நேரம் என்று வைத்திருந்தால் அந்தச் சிறிது நேரம் ஒரு நாளாகிவிடும்.

இதைத் தவிர்க்க, முந்தைய நாளே வாடகைக் காலத்தை 600 வினாடிகளாகக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்துக்கு முன் எல்லாச் சாதனங்களும் ஒருமுறையாவது புதுப்பித்து, குறுகிய காலத்தைப் பெற்றிருக்கும். வேலை முடிந்ததும் பழைய அளவுக்கே திருப்பிவிடலாம். குறைக்க மறந்தவர்கள், கைபேசியில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். விண்டோஸில் கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் கட்டளையின் ரிலீஸ், ரெனியூ என்ற இரண்டு தெரிவுகளையும் அடுத்தடுத்து இயக்குங்கள். திரை இல்லாத சிறு கருவிகளை மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுப்பதே எளிது.

சோதிக்கும் வரிசை

ஒரு கணினியில் அமர்ந்து அதன் முகவரியைப் பாருங்கள். 10.47.20-இல் தொடங்கினால் நலம். 192.168.1-இல் தொடங்கினால் வாடகை இன்னும் முடியவில்லை, அல்லது அந்தக் கணினியில் யாரோ முகவரியைக் கையால் எழுதியிருக்கிறார்கள். 169.254-இல் தொடங்கினால் டிஎச்சிபி பதிலளிக்கவில்லை, கணினி தனக்குத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். ஃபயர்வாலில் டிஎச்சிபி சேவை ஓடுகிறதா, வரம்பு புதிய சப்நெட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து பிங் கட்டளை, அதாவது ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்ப்பது. முதலில் 10.47.20.1, பிறகு 8.8.8.8 போன்ற ஒரு வெளி எண், பிறகு ஏதேனும் ஒரு தளத்தின் பெயர். முதலாவதே தவறினால் கேபிளும் மாஸ்க்கும். இரண்டாவதில் நின்றால் கணினி பெற்றிருக்கும் கேட்வே, அல்லது ஃபயர்வாலின் முகவரி மொழிபெயர்ப்பு. பெயர் மட்டும் கிடைக்கவில்லையென்றால் டிஎன்எஸ். உள் டிஎன்எஸ் சேவையில் யாருக்குப் பதில் சொல்லலாம் என்ற பட்டியலில் பழைய சப்நெட் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விசித்திரமான அறிகுறியையும் சொல்லிவிடுகிறேன். சில தளங்கள் வேகமாகத் திறக்கும், சில தளங்கள் திறக்கவே திறக்காது. ஐபிவி6 இயங்கும் வலையமைப்பில் ஐபிவி4 மட்டும் உடைந்திருந்தால் இப்படி நடக்கும். ஐபிவி6 உள்ள தளங்கள் அந்த வழியாக வந்துவிடுவதால், முகவரி மாற்றம் சரியாக முடிந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். பிங் சோதனையில் எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

அடியோடு உள்ளே போக முடியவில்லையென்றால் கன்சோலுக்குத் திரும்புங்கள். பிஎஃப்சென்ஸ் மெனுவில் 15, ஓபிஎன்சென்ஸ் மெனுவில் 13 என்ற தெரிவுகள், அண்மையில் சேமிக்கப்பட்ட பழைய அமைப்புகளைக் காட்டி அவற்றில் ஒன்றுக்குத் திரும்ப உதவும். அல்லது 2-ஆம் தெரிவை மறுபடி இயக்கி, எண்களை நிதானமாக எழுதுங்கள்.

பின்தங்கிய சாதனங்களுக்கு ஒரு பாலம்

நிலையான முகவரி எழுதிய சாதனங்கள் இப்போது யாருக்கும் எட்டாத தீவில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் போய் மாற்றுவதற்கு, அவற்றின் பழைய முகவரியை எட்ட வேண்டும். கணினியில் தற்காலிகமாக 192.168.1.50 என்று எழுதிக்கொண்டு அச்சுப்பொறியின் பக்கத்தைத் திறக்கலாம். சாதனங்கள் மிகுதியாக இருந்தால் இன்னொரு நயமான வழி இருக்கிறது: ஃபயர்வாலில் விர்ச்சுவல் ஐபி பகுதியில், லேன் மீது 192.168.1.1/24 என்ற பழைய முகவரியை ஐபி அலையஸ் வகையில் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். அப்போது ஃபயர்வாலுக்கு இரண்டு வலையமைப்பிலும் ஒரு கால் இருக்கும். புதிய முகவரியில் உள்ள கணினியிலிருந்து பழைய முகவரியில் உள்ள சாதனத்தை எட்டி, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வரலாம். ஆனால் வான் பக்கத்து மோடம் 192.168.1.0/24-இல் இருப்பதுதான் நீங்கள் மாற்றியதற்கே காரணம் என்றால், இந்த வழியை நினைத்தும் பார்க்காதீர்கள். துரத்திவிட்ட மோதலைத் திரும்ப அழைத்து வருவதாகிவிடும்.

அக்சஸ் பாயின்ட்கள் பற்றி அவசரப்பட வேண்டாம். பாலம் போல் இயங்கும் அக்சஸ் பாயின்டின் நிர்வாக முகவரி பழையதாகவே இருந்தாலும், அதன் வழியே போகும் வைஃபை போக்குவரத்துக்குத் தடை இல்லை. அதன் அமைப்புப் பக்கத்தை மட்டும் திறக்க முடியாது. ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம். போர்ட் ஃபார்வர்டிங்கும் விபிஎன்னும் அப்படியல்ல. வெளியிலிருந்து கேமராவைப் பார்ப்பவர், விபிஎன்னில் வேலை செய்பவர் ஆகியோருக்கு மாற்றிய அந்த நிமிடமே பாதிப்பு. விபிஎன் வகைகளில், ஓபன்விபிஎன்னில் உள்ளூர் வலையமைப்பு என்ற பெட்டி, ஐபிசெக்கில் இரண்டாம் கட்ட அமைப்பு, வயர்கார்டில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஐபிசெக்கிலும் வயர்கார்டிலும் மறுமுனையிலும் அதே மாற்றம் செய்யப்பட வேண்டும் என்பதால், மறுமுனையை நிர்வகிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது மரியாதையும்கூட.

மாற்றும் போதே, ஒவ்வொரு நிலையான சாதனத்திலும் கையால் எண் எழுதுவதை விட்டுவிட்டு, அதைத் தானாக முகவரி பெறும்படி வைத்து, ஃபயர்வாலின் டிஎச்சிபியில் அதன் மேக் முகவரிக்கு (வன்பொருளிலேயே பதிந்த அடையாள எண்) ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். உள் டிஎன்எஸ்ஸில் அதற்கு ஒரு பெயரும் கொடுத்து, கணினிகளில் அந்தப் பெயரையே எழுதுங்கள். உள் வலையமைப்புகளின் பெயர்களுக்கென்றே ஹோம்.ஆர்பா என்ற பின்னொட்டு 2018-இல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை முகவரியை மாற்ற நேர்ந்தால் ஃபயர்வாலில் மட்டும் மாற்றினால் போதும்.

பழைய முகவரியில் எந்தச் சாதனமும் மிச்சமில்லை என்று ஓரிரு வாரங்களில் உறுதியானதும், விர்ச்சுவல் ஐபியை நீக்குங்கள். வாடகைக் காலத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மீண்டும் ஒரு காப்புப்பிரதி எடுத்து, அதில் 192.168.1. என்று இன்னொரு முறை தேடுங்கள். வான் பக்கத்துக்கு உரியவை தவிர வேறு எதுவும் வரக் கூடாது. பிறகு ஃபயர்வால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பழைய முகவரிச் சீட்டைக் கிழித்துவிட்டு, 10.47.20.1 என்று புதிய சீட்டு ஒட்டுங்கள்.